பிக்கு தந்த கல்

சோதிலிங்கத்தார் கம்போடியா போய் வந்த நாளிலிருந்து, ஜெர்மனியின் எசன் நகரத்தில் அவரைத் தூரத்தில் கண்ட தமிழர்கள் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறத் தொடங்கினார்கள். மனிதர் கெட்டவர் இல்லை. ஆள் அகப்பட்டால் கைத்தொலைபேசியை எடுத்து, அங்கோர் வாட்டில் தொடங்கி முழுப் பயணத்தையும் காட்டி முடிக்காமல் விடமாட்டார், அவ்வளவுதான். ஆயுளில் பாதியை எசன் நகரத்து பஸ் சாரதியாக ஓட்டித் தீர்த்தவர், ஓய்வு கிடைத்த கையோடு போன முதல் பெரிய பயணம் அது. பயண முகவர் இராசலிங்கம் ஒழுங்கு செய்த குழுவில் போனார். ஆனால் வந்து கதைக்கிற கதையைக் கேட்டால் தனியே போய்க் காட்டை வெட்டிக் கோயிலைக் கண்டுபிடித்தவர் மாதிரி இருக்கும்.

"எல்லாம் எங்கட ஆக்கள் கட்டினது" என்பார். "எங்கட சிற்பி போய்ச் செதுக்கினது. உவங்களுக்கு உது தெரியாது."

அங்கே வழிகாட்டியாக வந்த பெண்ணிடமும் இதையேதான் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே, இல்லை ஐயா, கட்டியது எங்கள் அரசர் என்று அந்த அரசரின் பெயரையும் சொன்னாள். சொந்தச் சரித்திரம்கூடத் தெரியாத பிள்ளை என்று சோதிலிங்கத்தார் அவளுக்காக இரக்கப்பட்டார்.

பெரிய கோயில்களைப் பார்த்து முடித்த மறுநாள், குழு ஒரு வான் வண்டியைப் பிடித்துக் காட்டுப் பக்கமாக இருந்த சின்னக் கோயில் ஒன்றுக்குப் போனது. பிரசாத் ஸ்வாய் என்று பெயர், மாமரக் கோயில் என்று அர்த்தம். கூரை எப்போதோ விழுந்துவிட்டது. பெரிய மரமொன்றின் வேர்கள் சுவரைக் கட்டிப் பிடித்திருந்தன. மரத்தை வெட்டினால் சுவர் விழுந்துவிடும், விட்டால் சுவர் வெடித்துவிடும், இரண்டும் கெட்டான் நிலை என்றாள் வழிகாட்டிப் பெண். சுவர் நீளத்துக்கும் வரிசையாகப் பெண் தெய்வங்கள் நின்றார்கள். காதில் குழை, தலையில் மகுடம், உதட்டில் மெல்லிய சிரிப்பு. சிலருக்கு முகம் இல்லை. பலருக்குக் கை இல்லை.

குழுவினர் இளநீர் குடிக்க வானடிக்குப் போய்விட்டார்கள். சோதிலிங்கத்தார் மட்டும் பின்தங்கினார். ஒரு பெண் தெய்வத்தின் வலது கை, மணிக்கட்டடியில் வெடித்திருந்ததைக் கண்டார். குழந்தையின் கை அளவுதான். விரல்களுக்கிடையில் ஒரு தாமரை மொட்டு. தொட்டுப் பார்த்தார், ஆடியது. ஆடுகிற பல்லை நாக்கு சும்மா விடாது அல்லவா, இவரும் விடவில்லை. இன்னொரு தரம் ஆட்டினார். கை அவருடைய கைக்குள் வந்துவிட்டது.

அந்த இடத்திலேயே அவளுடைய காலடியில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். அக்கம்பக்கம் பார்த்தார், ஒருவரும் இல்லை. எங்கட பொருள்தானே, மழையிலே கிடந்து கரைந்து போகப் போகிறது, எடுத்தால் களவோ என்று மனம் உடனே அவர் பக்கம் வழக்காடத் தொடங்கியது. தோள்பையில் திருநீறு வைக்கிற தகரப் பேணி இருந்தது. கல்லைத் திருநீற்றுக்குள் புதைத்து மூடினார். திரும்பி வந்து இறங்கிய ஜெர்மன் விமான நிலையத்தில் பேணியைத் திறந்து பார்த்த அதிகாரியிடம், கோயில் சாம்பல், புனிதமானது என்று டொச் மொழியில் சொன்னார். அவன் மரியாதையோடு மூடிக் கொடுத்துவிட்டான்.

இதே சோதிலிங்கத்தார்தான், இராணுவம் ஊரை விட்டுப் போன வருடம் யாழ்ப்பாணம் போய், தன் குலதெய்வமான பிள்ளையார் கோயில் வாசற்படியை யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்ததைக் கண்டு, வெறும் மண்ணில் குந்தியிருந்து அழுதவர். வந்து எசன் மண்டபத்தில் ஊர்ச்சனத்தைக் கூட்டி, கோயில் கல்லில் கை வைக்கிறவன் மனிசப் பிறப்பே என்று கேட்டவர். அன்றைக்குக் காட்டுக் கோயிலில் நின்றபோது அந்தப் படிக்கல் அவருடைய நினைவுக்கு வரவேயில்லை. வராதது தற்செயல் என்று நான் நம்பமாட்டேன்.

வீட்டில் கல்லைக் கண்டதும் மனைவி குணேஸ்வரி இரண்டடி பின்னால் போனாள்.

"முறிஞ்ச சாமான். முறிஞ்சதைச் சாமியறையில வைக்கக்கூடாதெண்டு உங்களுக்குத் தெரியாதே? குடும்பத்துக்குக் கூடாது. எங்கால எடுத்தனீங்கள்?"

எடுத்தனீங்கள் என்ற சொல்தான் அவரைக் குத்தியது.

"எடுக்கேல்லை. ஒரு பிக்கு தந்தவர்."

"பிக்குவோ?" குணேஸ்வரியின் முகம் இன்னும் கறுத்தது.

"எங்கட நாட்டுப் பிக்கு இல்லையப்பா. இவர் நல்ல பிக்கு. வயது போனவர். என்னைக் கண்டதும் கையைக் காட்டிக் கூப்பிட்டு, கண்ணை மூடி மந்திரம் சொல்லி, என்ர கையில வைச்சவர். குறை ஒண்டும் வராதாம்."

சொல்லி முடிக்கும்போது அந்தப் பிக்குவின் முகம்கூட அவருக்குத் தெரியத் தொடங்கிவிட்டது. அந்தக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பௌத்த விகாரை இருந்தது உண்மை. அதன் வாசலைக்கூட அவர் மிதிக்கவில்லை.

அதற்குப் பிறகு கல், கல்லாக இல்லை. "அம்மாளின்ர கை" ஆகிவிட்டது. குணேஸ்வரி அதைப் பட்டுத் துணியில் இருத்தி, சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுச் சாரங்கா பூமாலையோடு வந்தாள். முழங்கால் சத்திர சிகிச்சைக்கு முன்னால் பவளம் அக்கா வந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய், நல்லபடியாக நடந்து வந்தா. பிறகு கேட்க வேண்டுமா? வருகிறவர்கள் எல்லாருக்கும் பிக்குவின் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்லப் பிக்குவுக்கு வயது கூடியது, கண்ணில் ஒளி வந்தது. ஒவ்வொரு தரமும் இதுவே கடைசித் தரம் என்று சோதிலிங்கத்தார் நினைத்துக்கொள்வார். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

இந்த நிலையில்தான் ஒரே மகள் ஆரணி, தன்னோடு வேலை செய்யும் ரித்தி என்பவனைக் கட்டப் போவதாகச் சொன்னாள். லைப்சிக் நகரில் பிறந்து வளர்ந்தவன். தாய் கம்போடியாக்காரி. குணேஸ்வரி இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. மூன்றாம் நாள் குளித்துவிட்டுச் சாமியறைக்குள் போய் வெகுநேரம் இருந்தாள். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"இப்பத்தான் எனக்கு விளங்குது. அந்தப் பிக்கு சும்மா தரேல்லை. முதல்ல அவையின்ர தெய்வம் வந்தது, பிறகு பிள்ளை வருகுது. நான் மாட்டன் எண்டு சொல்ல ஏலாது. பொடியன்ர தாயை வரச் சொல்லு."

ஆரணி தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். தகப்பனையும் வந்து கட்டிப்பிடித்து, "உங்கட பயணத்தாலதான் அப்பா" என்றாள். சோதிலிங்கத்தாருக்கு அந்த இடத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. தான் சொன்ன ஒரு பொய்யில் இப்போது மகளுடைய கலியாணம் தொங்குகிறது. உண்மையைச் சொன்னால் குணேஸ்வரி என்ன செய்வாள்? இத்தனை நாளும் கதைத்துக் கெடுத்தவர் இப்போது பேசாமல் இருந்து கெடுத்தார்.

ரித்தியின் தாய் பொபா ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மகனோடு வந்தாள். சின்ன உருவம், கட்டையாக வெட்டிய நரைமுடி. வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காகச் சுவரோரம் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள், அதிலேயே குணேஸ்வரிக்குப் பாதி மனம் நிறைந்துவிட்டது. ரோல்ஸும் பயத்தம் பணியாரமும் தேத்தண்ணியும் வந்தன. பேச்சு டொச்சில் நடந்தது. பொபா முதன்முதல் ஜெர்மனியில் கால் வைத்தது கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் என்றதும் சோதிலிங்கத்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் இறங்கியதும் அங்கேதான். அவர் அகதியாக இறங்கி மேற்கு பெர்லினுக்கு ரயில் ஏறினார். அவள் கிழக்கு ஜெர்மனி அரசு கொடுத்த நெசவாலைப் பயிற்சிக்காக லைப்சிக்குக்குப் போனாள்.

"உங்களுக்கும் குளிராக இருந்ததா?" என்று பொபா கேட்டாள்.

"என்னிடம் செருப்புத்தான் இருந்தது" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள். நல்ல மனுசி என்று அவருக்குப் பட்டது. அது அவருடைய பயத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

தேத்தண்ணி முடிந்ததும் குணேஸ்வரி, வரப்போகும் சம்பந்தியைக் கையைப் பிடித்துச் சாமியறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள். பொபா கையைக் கண்டாள். குங்குமத்துக்கும் சந்தனத்துக்கும் அடியில் அந்த விரல்களை அவள் உடனே அறிந்துகொண்டாள். நிலத்தில் இருந்து, கைகளைக் கூப்பி, நெற்றி தரையில் படக் கும்பிட்டாள். குணேஸ்வரி தன் உடைந்த டொச்சில் பிக்குவின் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னாள். கோயிலின் பெயர் வந்தபோது பொபா தலையைத் தூக்கினாள்.

"பிரசாத் ஸ்வாயா?"

"ஓம். யா, யா."

"பக்கத்து விகாரையில் இருக்கும் வயதான பிக்குவா? கண்ணாடி போட்டிருந்தாரா?"

கேள்வி சோதிலிங்கத்தாருக்கு. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் ஓமென்று தலையை ஆட்டினார். ஏன் ஆட்டினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பொய்யின் பழக்கம் அது, கழுத்து தானாக ஆடும்.

"நீங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவர் என்று அவருக்குத் தெரியுமா?"

மறுபடியும் ஆட்டினார்.

பொபா அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல், முகத்தைத் துடைக்காமல் அழுதாள். ரித்தி தாய்க்குப் பக்கத்தில் போய் இருந்து, மெதுவாக மற்றவர்களுக்கு விளக்கினான். அந்த விகாரையில் இருக்கும் வயதான பிக்கு அம்மாவின் சொந்த அண்ணன். பொல் பொட்டின் கொலையாட்சிக் காலத்தில் குடும்பத்தில் மிஞ்சியது அம்மம்மாவும் அண்ணனும் அம்மாவும்தான். பிறகு அம்மம்மா செத்தபோது, அம்மாவால் இங்கிருந்து போக முடியவில்லை. அண்ணன் அதை மன்னிக்கவில்லை. துறவு பூண்டு விகாரைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து ஒரு சொல் இல்லை. அம்மா அனுப்பிய செய்திகளைப் பார்ப்பார், பதில் மட்டும் வராது.

"அண்ணன் யாருக்கும் எதுவும் கொடுக்கமாட்டார்" என்றாள் பொபா. "ஜெர்மனி என்று கேட்டதும் என்னை நினைத்திருக்கிறார். இது எனக்காகத் தந்தது. என் மகனுக்காகத் தந்தது." அவள் சோதிலிங்கத்தாரின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். கல்லைப் பெயர்த்த கைகள். இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, விட்டுவைக்கவும் முடியவில்லை.

பொபா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வரவேற்பறைக்குப் போய்க் கைத்தொலைபேசியை எடுத்தாள். முடியைச் சரிசெய்தாள். மேசையில் சீனிப் போத்தலோடு தொலைபேசியைச் சாய்த்து வைத்து, அண்ணனுடைய எண்ணை அழுத்தினாள். வீடியோ அழைப்பு. மணி போகத் தொடங்கியது.

அங்கே இருட்டியிருக்கும், பிக்கு படுத்திருப்பார், எடுக்கமாட்டார் என்று சோதிலிங்கத்தார் தனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் நேர்ந்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. பொபா திரையை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்திருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் எடுத்தால் முதல் சொல்லே நன்றிதான் சொல்லப் போகிறாள். எதற்கு நன்றி என்று அவர் கேட்பார்.

"யாரும் தரவில்லை" என்றார் சோதிலிங்கத்தார் டொச்சில். குரல் அவருடையது போலவே இல்லை. "நான் எந்தப் பிக்குவையும் காணவில்லை. கையை நான்தான் சுவரிலிருந்து ஆட்டிப் பெயர்த்து எடுத்தேன்."

அகப்பட்டுக்கொள்ளப் போகிறோம் என்ற பயத்தில் வந்த உண்மை அது. மனம் திருந்தி வந்ததில்லை. அதுவும் அவருக்குத் தெரிந்தேயிருந்தது, அதுதான் எல்லாவற்றிலும் கேவலமாக இருந்தது.

குணேஸ்வரி மகளைப் பார்த்தாள். "என்னவாம்?" தனக்கு டொச் சரியாக விளங்கவில்லை என்று ஒரு நொடி நம்பிப் பார்த்தாள். ஆரணி தாய்க்குத் தமிழில் சொல்லவில்லை. தகப்பனைப் பார்த்துத்தான் தமிழில் கேட்டாள்.

"பிள்ளையார் கோயில் படியை எடுத்தவனைப் பற்றி மண்டபத்தில நீங்கள் என்ன கேட்டனீங்கள், அப்பா?"

மண்டபம் நிறையச் சனத்துக்கு முன்னால், ஒலிவாங்கியில் கேட்ட கேள்வி அது. மகள் முன்வரிசையில் இருந்து கேட்டவள்.

பொபாவின் விரல் தொலைபேசிக்குக் கிட்டப் போனது. துண்டித்துவிடப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அந்த நேரம் பார்த்து மணி நின்றது. திரையில் மொட்டைத் தலையும் காவியும் கண்ணாடியுமாக ஒரு கிழவர் தெரிந்தார். தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொபா கைகூப்பினாள். நன்றி சொல்ல வந்தவளுக்கு இப்போது சொல்ல ஒன்றும் இல்லை.

பிறகு அவள் தன் மொழியில் பேசினாள். நடுவில் தன் வலது மணிக்கட்டை இடது கையால் வெட்டுவதுபோலக் காட்டியபோது, எதைச் சொல்கிறாள் என்று சோதிலிங்கத்தாருக்கு விளங்கியது. அவர் மூலையில் நின்று கூனிக் குறுகினார். தன்னைத் திட்டினால் நன்றாயிருக்கும் என்று நினைத்தார். திரையில் இருந்தவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரேயொரு கேள்வி கேட்டார். ரித்தி அதை மொழிபெயர்த்தான்.

"எந்தப் பெண்ணின் கை என்று கேட்கிறார். அங்கே கையில்லாமல் நிறையப் பேர் நிற்கிறார்களாம். அடையாளம் சொன்னால் அவளுடைய காலடியிலாவது வைக்கலாமாம்."

எல்லாருடைய கண்ணும் சோதிலிங்கத்தார் மேல் திரும்பியது. தன் பிள்ளையார் கோயில் என்றால், கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தத் தூணில் எந்தக் கீறல் என்று சொல்லக்கூடியவர். இப்போது யோசித்தார், வியர்த்ததுதான் மிச்சம். இடப்பக்கச் சுவரா, வலப்பக்கமா? அவளுக்கு முகம் இருந்ததா? அவர் கையைத்தான் பார்த்தார். அவளை நிமிர்ந்து பார்த்த ஞாபகமே இல்லை.

"படத்தில இருக்கும்" என்றார் கடைசியில். "நான் கனக்கப் படம் எடுத்தனான்."

ஆரணி அவருடைய கைத்தொலைபேசியை வாங்கித் தொலைக்காட்சியோடு இணைத்தாள். இந்த நேரத்தில் குணேஸ்வரி எழுந்து சாமியறைக்குப் போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சந்தனமும் குங்குமமும் கழுவிப் போன வெறுங்கல்லைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் பொபாவிடம் நீட்டினாள். புருசன் பக்கம் திரும்பவேயில்லை.

"சம்பந்தி, இது உங்கட. பிள்ளையளின்ர காரியம் நாங்கள் ரெண்டு பேரும் இருந்து கதைப்பம்" என்றாள் தமிழில். ஆரணி மொழிபெயர்த்தபோது அவளுடைய குரல் உடைந்தது. கல்லின் கருணையில் நடக்கவிருந்த கலியாணம், இப்போது குணேஸ்வரியின் சொந்தச் சொல்லில் நின்றது. அதில் சோதிலிங்கத்தாருக்கு எந்தப் பங்கும் இல்லை.

"நான் கொண்டுபோய் வைச்சிட்டு வாறன்" என்றார் அவர்.

"வேண்டாம் அப்பா. அதை நாங்கள் கொண்டு போறம்" என்றாள் ஆரணி. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

தொலைக்காட்சியில் படங்கள் வரத் தொடங்கின. பொபா தன் தொலைபேசியைத் தூக்கி, அண்ணனுக்கும் தெரியும்படி திரைக்கு நேரே பிடித்தாள். முதல் படத்தில் சோதிலிங்கத்தார் இடுப்பில் கை வைத்து நின்றார். அடுத்ததில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றார். அடுத்ததில் வெற்றிக்கு இரண்டு விரல் காட்டினார். ஒவ்வொரு படத்திலும் நடுவில் அவர், முழுசாக, பல்லெல்லாம் தெரிய. அவருக்குப் பின்னால் ஒரு படத்தில் மகுடத்தின் நுனி தெரிந்தது, இன்னொன்றில் ஒரு பாதம். சுவர் நீளத்துக்கும் நின்ற பெண்களில் ஒருத்தியைக்கூட அவர் முழுசாகத் தெரியவிடவில்லை. ஆரணி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். தொலைபேசியில் இருந்த கிழவரும் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு படத்தில் அவருடைய தோளுக்கு மேலால் பாதி முகம் எட்டிப் பார்த்தது. மெல்லிய சிரிப்பு.

"இஞ்சை, நில்லு, நில்லு" என்று சோதிலிங்கத்தார் அவசரமாக முன்னால் போனார். தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய், தன் உருவத்தின் மேலேயே விரலை வைத்து, "இவவாத்தான் இருக்க வேணும், இவவின்ர கைதான்…" என்று சொல்லிக்கொண்டு நின்றார்.

பொபா தொலைபேசியைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் சரித்துப் பார்த்தாள். பிறகு டொச்சில், மரியாதை சற்றும் குறையாமல் சொன்னாள்.

"தயவுசெய்து கொஞ்சம் விலகி நில்லுங்கள். அண்ணனுக்கு அவளைத் தெரியவில்லை."

சோதிலிங்கத்தார் விலகினார். விலகி எங்கே நிற்பது என்று தெரியாமல், கதவடியில், பொபா ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்த சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.